இரண்டாவது தத்துக்காகக் காத்திருக்கிறோம். மூன்று வயது மகனிடம் இப்போதே சொல்லலாமா?

மகனைத் தத்தெடுத்து இரண்டு வருடம் ஆகிறது, அடுத்த குழந்தைக்கும் காராவில் (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிந்துவிட்டோம், "தம்பியோ தங்கையோ வரப்போகிறது" என்று அவனிடம் சொல்லலாமா, இந்தக் காத்திருப்பை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். நீங்கள் நிற்கும் அதே இடத்தில்தான் நாங்களும் மூன்று வருடமாக நிற்கிறோம். இப்போது சொல்ல வேண்டாம் என்பதுதான் என் பதில். நாங்கள் சொல்லிவிட்டோம். அதனால் மகள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கள் கதை. 2018இல் பதிந்தோம், 2021 பிப்ரவரியில் மகள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது மாதக் குழந்தை. கொரோனா காலம் என்பதால் தத்து மையத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தோம். கையில் வாங்கியதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மாஸ்க்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். என் வாயையும் மூக்கையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தோளில் சாய்ந்தாள். வளர்த்த ஆயாம்மா அவள் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்து, மஞ்சள் கவுன் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கவுன் இன்றும் பீரோவில் இருக்கிறது.

2023 ஜனவரியில் மறுபடி பதிந்தோம். அப்போது எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 84. இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது, 2 முதல் 4 வயது வரை என்றால் 90. விளிம்பில் நிற்க வேண்டாம் என்று 2 முதல் 4 வயது என்றே கொடுத்தோம். ஆணா பெண்ணா என்ற இடத்தில் எதுவானாலும் சரி என்று குறித்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் "பொண்ணு இருக்குதில்ல, அடுத்தது பையனா எடுத்துருங்க" என்றார்கள். ஒரு பெரியவர் சட்டமே அப்படித்தான் என்றார். அவர் சொன்னது 1956ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டம். அதில் மகள் இருப்பவர்கள் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. காரா வழியாக வருவது 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ், அதில் அந்தத் தடை இல்லை. உங்களிடமும் யாராவது இதைச் சொல்வார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தவறுக்கு வருகிறேன். மகளுக்கு மூன்று வயது முடிந்த சமயம், "நமக்கு இன்னொரு பாப்பா வரப்போகுது கண்ணு" என்று சொல்லிவிட்டோம். ஒளிவுமறைவு இல்லாமல் வளர்க்கிறோம் என்ற நினைப்பு. அவள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். பள்ளியில் மிஸ் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று கேட்டார். இதெல்லாம் போகட்டும், பெரியவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு "வரும்" என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் என்று அர்த்தம். வாசலில் ஆட்டோ நின்றால் ஓடிப்போய்ப் பார்த்தாள். தினம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நானும் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் துணி அலமாரியில் எறும்பு வரிசை போனது. பின்னாலேயே தேடிப் பார்த்தால், அடியில் பழைய சில்வர் டப்பா. உள்ளே பாதிப் பாதியாகக் கடித்த கடலை மிட்டாய்கள், உருகி ஒட்டிப்போன ஒரு சாக்லேட், யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக் துண்டு. எல்லாவற்றிலும் பாப்பாவுக்குப் பாதி எடுத்து வைத்திருந்தாள். எத்தனை நாளாகவோ தெரியவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் இரண்டு பெரியவர்கள் சுமக்க வேண்டியதை அந்தக் குழந்தை தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

அப்புறம்தான் அவள் கேள்விகளைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அக்கா அப்போது ஏழு மாதம். மகள் ஒரு நாள், "நம்ம பாப்பா யாரு வயித்துல இருக்குதும்மா?" என்றாள். வேற ஒரு அம்மா வயிற்றில் இருந்தாலும் இருக்கும், பிறந்தும் இருக்கும் என்றேன். "அந்த அம்மா ஏன் வச்சுக்கல?" என்றாள். அவளைப் பற்றி அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. தான் இன்னொரு அம்மாவுக்குப் பிறந்தவள் என்று தெரியும், குளிக்க வைக்கும்போதும் தூங்க வைக்கும்போதும் கதையாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் "ஏன்" என்பதை அவள் வராத பாப்பாவை முன்னால் நிறுத்தித்தான் கேட்டாள். அடுத்த நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு:

"பாப்பா அங்க அழுதா யாரு தூக்குவாங்க?"

"ஆயாம்மா இருப்பாங்க கண்ணு, அவங்க தூக்குவாங்க."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "நான் அழுதப்ப?"

எழுந்து பீரோவிலிருந்து அந்த மஞ்சள் கவுனை எடுத்து வந்தேன். கன்னத்தில் பொட்டு வைத்த ஆயாம்மாவைப் பற்றிச் சொன்னேன், மாஸ்க்கை இழுத்ததைச் சொன்னேன். கவுனை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதப் பாப்பாவுக்குக் குடுத்துராத, இது என்னுது" என்றாள். அன்றிலிருந்து பாப்பாவைப் பற்றி எது கேட்டாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், அவளுக்கு முதலில்.

அதனால்தான் உங்கள் மகனுக்கு இப்போது அவன் கதையை மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். எந்த மாதம் வந்தான், அன்று என்ன சட்டை, யார் கையிலிருந்து யார் கைக்கு, வழியில் எங்கே பால் கொடுத்தீர்கள். இது அவனுக்குள் நன்றாக இறங்கட்டும். அவனாகவே தம்பி வருமா என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், "வந்தாலும் வரும், வர்றதா இருந்தா உங்கிட்டச் சொல்றோம்" என்றால் போதும். குழந்தையின் படம் வந்து, மருத்துவ அறிக்கை பார்த்து, மையத்தில் நேரில் சந்தித்து, அழைத்துவரும் நாளும் தெரிந்த பிறகு படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் அவன் எண்ண வேண்டியது நாட்களாக இருக்கும், வருடங்களாக இருக்காது.

நீங்கள் எப்படிக் கடப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் ஒன்றரை வருடம் தினமும் காராவின் கேரிங்ஸ் இணையதளத்தைத் திறந்து வரிசை எண்ணைப் பார்ப்போம். நகராத நாளில் வீட்டில் பேச்சே குறைந்துவிடும், மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இப்போது மாதம் ஒரு முறை, அவள் தூங்கிய பிறகு மட்டும். ரெஃபரல், அதாவது இந்தக் குழந்தை உங்களுக்கு என்ற தகவல், வந்தால் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமே என்று இரண்டு கோடை விடுமுறைக்கு எங்கேயும் போகவில்லை. அந்த இரண்டு கோடையும் அவளுக்குத் திரும்பி வராது. போன வருடம் ராமேஸ்வரம் போனோம். காகிதங்கள் எல்லாம் போனிலேயே இருக்கின்றன, மருத்துவ அறிக்கை வந்தால் படித்துச் சொல்லக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். இது போதும்.

காத்திருப்பு நீள நீள, குறுக்கு வழி காட்டுபவர்களும் வருவார்கள். எங்களுக்கு வந்தது தெரிந்தவர் மூலம். ஆஸ்பத்திரியில் குழந்தை இருக்கிறது, பிறப்புச் சான்றிதழே உங்கள் பெயரில் வாங்கித் தருகிறோம் என்றார்கள். 2019இல் பக்கத்தில் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்து எத்தனை பேர் கைதானார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விற்பவருக்கு மட்டுமில்லை, வாங்குபவருக்கும் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. அந்தக் குழந்தை "அந்த அம்மா ஏன் வச்சுக்கல?" என்று கேட்கும்போது காசு கொடுத்தோம் என்றா சொல்வது?

ஏன் இவ்வளவு நாள் என்று கோபம் வரும்போது நான் அந்த 60 நாளை நினைத்துக்கொள்வேன். குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்த அம்மாவுக்கு மனம் மாற 60 நாள் அவகாசம் இருக்கிறது. யார் பெற்றது என்றே தெரியாத குழந்தை என்றால் சொந்தக்காரர்களைத் தேடுவதற்கு, இரண்டு வயதுக்குள் 2 மாதம், அதற்கு மேல் 4 மாதம். அதற்குப் பிறகுதான் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். அந்த நாட்களுக்குள் ஒரு அம்மா திரும்பி வந்து தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், எங்கள் வரிசை நகராவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். முதல் தடவை காத்திருந்தபோது என்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. மகள் வந்த பிறகுதான் முடிகிறது.

தத்து உத்தரவு வாங்கும் முறையும் மாறியிருக்கிறது. மகளுக்கு நீதிமன்றத்தில் வாங்கினோம், 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர்தான் உத்தரவு போடுகிறார். பழைய அனுபவத்தை வைத்து யாராவது வேறு மாதிரிச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றி ஒன்று. என் மாமியார் ஆரம்பத்தில் "யாரு ஜாடைன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று தவித்தவர். குலதெய்வம் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது என் தம்பி தாய்மாமனாக மடியில் உட்கார வைத்துக்கொண்டான். அவள் அலறிய அலறலில் மாமியாரும் சேர்ந்து அழுதார். அன்றோடு ஜாடைப் பேச்சு நின்றது. இப்போது யாராவது மகள் காதுபடத் தத்து, கித்து என்று ஆரம்பித்தால் முதல் ஆளாகத் தடுப்பவர் அவர்தான்.

தத்தெடுப்பவர்கள் வீட்டைச் சமூகப் பணியாளர் வந்து பார்த்து எழுதும் வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். இந்த வருடத் தொடக்கத்தில் புதுப்பிக்க வந்த சமூகப் பணியாளர் மகளிடமும் தனியாக உட்கார்ந்து பேசினார். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்கிறார்கள். நான் சமையல்கட்டில் டீ போட்டுக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். வீட்டுக்குப் பாப்பா வரலாமா என்று கேட்டார். மகள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வரட்டும். ஆனா அம்மா நடுவுலதான் படுக்கணும்." அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.