மர்ரே ஆற்றில் கிரேஃபிஷ் பிடிக்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

ஜூன் பிறந்ததும் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் கிரேஃபிஷ் (சிங்கி இறால் போன்ற நன்னீர்ப் பிராணி, சுருக்கமாகக் கிரே) பருவம் தொடங்கிவிடும். குளிர்கால விடுமுறைக்கு ஆல்பரி, கொரோவா பக்கம் போகும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நியூ சவுத் வேல்ஸ் விதிகளை வைத்துப் பதில் சொல்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்புவதற்கு முன் மீன்வளத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணா, நாங்கள் மெல்பேர்ன். விக்டோரியா மீன்பிடி லைசன்ஸ் கையில் இருக்கிறது. அது போதாதா?

போதாது தம்பி. இரு மாநிலங்களுக்கும் நடுவில் ஓடும் மர்ரே ஆறு நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். எல்லைக்கோடு விக்டோரியாப் பக்கத்துக் கரையில்தான் இருக்கிறது. விக்டோரியா மண்ணில் நின்று வலை போட்டாலும் நியூ சவுத் வேல்ஸ் லைசன்ஸ் வேண்டும். மூன்று நாளுக்கு மட்டும் எடுக்கும் வசதியும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் மற்ற விதிகள் எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

எந்த இடத்தில் பிடிக்கலாம்? எத்தனை?

மர்ரேயில் ஹியூம் அணைக்குக் கீழிருந்து டோகம்வால் பாலம் வரை. மர்ரம்பிட்ஜி ஆற்றில் கண்டகாய் பாலத்திலிருந்து பெரம்பெட் தடுப்பணை வரை. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான் பருவம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2. எத்தனை நாள் தங்கினாலும் கைவசம் 4-க்கு மேல் இருக்கக் கூடாது, வீட்டு ஃப்ரீசரில் இருப்பதும் அதில் சேரும். அளவும் 10 முதல் 12 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விற்கவே கூடாது.

10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விடச் சொல்வது புரிகிறது. 12-க்கு மேல் போனதையும் ஏன் விட வேண்டும்? பெரியதுதானே கிடைத்தற்கரியது!

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். இந்தக் கிரே மெதுவாக வளரும் உயிர். பெட்டை முதன்முதலாகச் சினை பிடிக்கவே எட்டு, ஒன்பது வருடம் ஆகும். இருபது வருடத்துக்கு மேலும் வாழும். பெட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு முட்டை. 12 தாண்டிய ஒரு கிழட்டுப் பெட்டையை எடுத்தால் அந்தக் கரையின் அடுத்த தலைமுறையையே எடுத்த மாதிரி. அதோடு இது இடம் பெயராத பிராணி. ஒரு வளைவில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டால் அடுத்த வளைவிலிருந்து வந்து சீக்கிரம் நிரம்பாது. 2010-11 வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் கறுத்து ஆக்சிஜன் இறங்கியபோது கிரேக்கள் மூச்சுக்குத் தவித்துக் கரையேறி நின்றன. அந்த அடி இன்னும் முழுசாக ஆறவில்லை. நியூ சவுத் வேல்ஸில் இது அழிவாபத்து உள்ள இனம் என்று சட்டப்படியே பட்டியலில் இருக்கிறது. அப்படியும் பிடிக்க விடுகிறார்கள் என்றால் அளவுகோலை நம்பித்தான்.

எங்கிருந்து எதுவரை அளப்பது? வால் சேருமா?

சேராது. கண்குழியின் பின்விளிம்பில் அளவுகோலை வைத்து, முதுகு ஓடு முடியும் நடுப்பகுதி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கிலிருந்து ஆரம்பித்தால் கணக்குத் தப்பிவிடும். கொடுக்குகளுக்குப் பின்னால் முதுகு ஓட்டின் இரு பக்கமும் இறுக்கிப் பிடியுங்கள், கடிக்க எட்டாது. அளந்த கையோடு கவிழ்த்து வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சினை கொத்தாக ஒட்டியிருந்தால் உடனே, மெதுவாகத் தண்ணீரில் விட வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பெட்டை அதைச் சுமந்துகொண்டே திரியும், ஆகவே அடிக்கடி மாட்டும். முட்டையைச் சுரண்டிவிட்டுப் பையில் போடுவது குற்றம்.

கடையில் பழைய ஓபரா ஹவுஸ் வலை சும்மா கொடுத்தார்கள் என்று அக்கா சொன்னாள். எடுத்துவரலாமா?

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. மூடிய வலை அது. உள்ளே போன பிளாட்டிபஸ் (வாத்து அலகு கொண்ட, ஆற்றில் வாழும் பாலூட்டி) காற்றுக்கு மேலே வர வழியில்லாமல் சில நிமிடங்களில் மூழ்கிச் செத்துவிடும். நீர் எலி, ஆமைக்கும் அதே கதிதான். விக்டோரியா 2019-லும் நியூ சவுத் வேல்ஸ் 2021-லும் தடை செய்துவிட்டன. மேலே திறந்த வளைய வலை வாங்குங்கள், ஒருவருக்கு 5 வரை போடலாம். பெயர் விவரத் துண்டு கட்ட மறக்காதீர்கள்.

இரை என்ன? எங்கே இறக்குவது?

மாட்டு ஈரல், மாட்டு இதயம், கெண்டை மீன் துண்டு. வலையின் நடுவில் இறுக்கிக் கட்டுங்கள், தளர்வாக இருந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். செங்குத்தான களிமண் கரையோரம், விழுந்து கிடக்கும் ரெட் கம் மரங்களின் பக்கம் இறக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். தூக்கும்போது ஒரே சீராக, நிற்காமல் இழுக்க வேண்டும். நடுவில் கை தளர்ந்தால் வாலை அடித்து வெளியே பாய்ந்துவிடும். கரை வழுக்கும், தண்ணீர் உறைகிற குளிர். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள்.

யாபி என்கிற சின்னக் கிரேயும் இதுவும் ஒன்றா?

இல்லை. மர்ரே கிரேக்குக் கொடுக்கு வெள்ளை, வாலில் முள் முள்ளாக இருக்கும். யாபி வழவழப்பானது, வெயில் காலத்தில் குட்டைகளில் கிடைக்கும். அதற்குப் பருவக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் சினைப் பெட்டையை அதிலும் விட வேண்டும்.

ஆற்றங்கரையிலேயே தலையைக் கிள்ளிச் சுத்தம் செய்துகொள்ளலாமா? கார் நாறாமல் இருக்கும்.

கூடாது. வால் மட்டும் இருந்தால் அதிகாரி எதை வைத்து அளப்பார்? முழு உடலாகத்தான் கொண்டுபோக வேண்டும். நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் வீடு வரை உயிரோடு இருக்கும். கொதிக்கும் நீரில் உயிரோடு போடாதீர்கள். ஐஸ் கரைசலில் அசைவு நிற்கும்வரை வைத்து, பிறகு கத்தியால் நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். வாலின் நடுவே ஓடும் கறுப்புக் குடலை உருவி எடுத்துவிட்டு, ஓட்டோடு மிளகு, பூண்டு போட்டுப் பிரட்டினால் போதும். தேங்காய்ப்பால் ஊற்றினால் கிரே கறியின் இனிப்பு அடங்கிப்போகும்.

டாஸ்மேனியாவில் இதைவிடப் பெரியது இருக்கிறதாமே?

உலகிலேயே பெரிய நன்னீர்க் கிரே அங்கேதான், வட டாஸ்மேனிய ஆறுகளில். 1998 முதல் அதைப் பிடிக்க முழுத் தடை. பார்த்தால் படம் எடுத்துக்கொள்ளலாம், தொடக் கூடாது.