டியூ வேறு, மினிமம் டியூ வேறு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். அப்பாவின் ஆபரேஷனுக்காக கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் ரூபாய் தேய்த்தேன். அதன் பிறகு அந்தக் கார்டைத் தொடவே இல்லை. பில்லில் ‘மினிமம் டியூ’ என்று போட்டிருந்த தொகையை 24 மாதம் தவறாமல் கட்டினேன். கூட்டிப் பார்த்தால் 1,06,000 ரூபாய் போயிருக்கிறது. அப்படியும் 77,000 பாக்கி என்று பில் வந்தது. மனம் வெறுத்துப்போய் நான்கு மாதமாகக் கட்டவில்லை. இப்போது 95,000 என்கிறார்கள். வசூல் ஏஜென்ட் என் மச்சானுக்குப் போன் போட்டு, போலீஸ் வரும் என்கிறார். 55,000 கட்டினால் முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். லோக் அதாலத் நோட்டீஸும் வந்திருக்கிறது. இரண்டு வருஷம் டியூ கட்டியும் கடன் எப்படி முடியாமல் இருக்கும்? நான் ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, சிவில் கடன். அதற்காக போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. நீங்கள் வங்கிக்குக் காசோலை எழுதிக் கொடுத்து அது திரும்பியிருந்தாலோ, கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்த ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பியிருந்தாலோ மட்டும் விஷயம் வேறு. காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு, ஆட்டோ டெபிட்டுக்கு 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-வது பிரிவு. அங்கேயும் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் வர வேண்டும், கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் உண்டு. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள். வராதவரை ‘போலீஸ் வரும்’ என்பது வெறும் மிரட்டல்.

இனி உங்கள் முதல் கேள்வி. உங்களைச் சிக்க வைத்தது அந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ‘டியூ’ என்றால் தவணை. வண்டியை டியூவில் எடுக்கிறோம், 36 டியூ கட்டினால் ஆர்.சி. புத்தகம் நம் கைக்கு வந்துவிடும். மாதா மாதம் ஒன்று குறையும், கடைசியில் முடியும். அந்தப் பழக்கத்தில்தான் பில்லில் இருந்த சொல்லையும் படித்திருக்கிறீர்கள். கார்டு பில்லில் டியூ என்றால் கட்ட வேண்டிய பாக்கி. டோட்டல் டியூ என்பது முழுப் பாக்கி. மினிமம் டியூ என்பது, இந்த மாதம் உங்களைக் கெடு தவறியவர் கணக்கில் சேர்க்காமல் இருப்பதற்கு வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் கறை விழாது. மீதிப் பாக்கிக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை எத்தனை முறை கட்டினால் கடன் முடியும் என்று எங்கும் எழுதியிருக்காது, ஏனென்றால் அது தவணையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 42 சதவீதம். மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்றால் முதல் பில்லுக்கு நீங்கள் கட்டியது 5,000. மீதி 95,000-க்கு மாத வட்டி 3,325. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 599. ஆக சுமார் 3,924 ரூபாய். கட்டிய 5,000-ல் இது போக அசலில் குறைந்தது சுமார் 1,076 ரூபாய்தான். பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறையும், அதனால் அசல் கரைவது இன்னும் மெதுவாகும். இதே விகிதத்தில் 24 மாதம் போட்டால் கட்டியது சுமார் 1,06,000, மிச்சம் சுமார் 77,000. நீங்கள் எழுதியிருக்கும் அதே தொகைகள். ஒரு மாதமும் தவறாமல் உழைத்துக் கட்டியவருக்கு இந்தப் பதிலை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ‘ரெண்டு மடங்கு கட்டியாச்சு, இனி ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வட்டி அதிகம் என்றே வழக்குப் போட முடியாதா என்று கேட்பீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ஆம் தேதி அதை ரத்து செய்துவிட்டது. வங்கியின் வட்டி விகிதம் அதிகம் என்ற காரணத்தால் நீதிமன்றங்கள் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. அதனால் விகிதத்தோடு மோதாதீர்கள். கணக்கு போட்ட விதத்தைக் கேள்வி கேளுங்கள், அங்கேதான் உங்களுக்கு வலு இருக்கிறது.

ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கென்று வெளியிட்டிருக்கும் உத்தரவுகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. கட்டாமல் நிற்கும் கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது. மினிமம் டியூவைக் கட்டியும் பாக்கி ஏறும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது. தாமதக் கட்டணம், கெடு தாண்டி நிற்கும் பாக்கியின் பேரில்தான் இருக்கலாம், பில்லின் மொத்தத் தொகையின் பேரில் அல்ல. மினிமம் டியூவை மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையும் பில்லில் இருக்க வேண்டும். அது நம்மில் பலருக்குப் படிக்க வராத இங்கிலீஷில் இருப்பது எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது.

எனவே வங்கிக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். முதல் நாளிலிருந்து மாதவாரியாக அசல், வட்டி, ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும் கணக்கு கேளுங்கள். பில்லைத் தவறு என்று சொன்னால் 30 நாளுக்குள் விளக்கமும் ஆதாரமும் தர வங்கி கடமைப்பட்டது. 77,000 எப்படி நான்கு மாதத்தில் 95,000 ஆனது என்பதை வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் கேட்காத இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைப் போட முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

உங்கள் மச்சானை இழுத்தது தவறு. வசூல் என்ற பேரில் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது, காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. போன் வந்த தேதி, நேரம், எண் மூன்றையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள், பேச்சைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏஜென்ட் செய்ததற்கு வங்கிதான் பொறுப்பு, ஆகவே புகாரை வங்கியின் பேரிலேயே எழுதுங்கள். வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவர் நீங்கள்தான், புகார்தாரராக.

55,000 விஷயம். மினிமம் டியூ 90 நாள் தாண்டியும் கட்டப்படாமல் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். உங்களுடையது ஆகியிருக்கும், அதனால்தான் இப்போது தள்ளுபடிப் பேச்சு வருகிறது. ஏஜென்ட்டின் வாய்ச்சொல்லுக்காக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், அவருடைய யுபிஐ எண்ணுக்கு அனுப்பவே வேண்டாம். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கட்டினால் கணக்கு முடிந்தது என்பதெல்லாம் வங்கியின் கடிதத்தில் வரட்டும். பணத்தைக் கார்டு கணக்கிலேயே கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். ஒன்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்: சிபிலில் ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று ஏறும், ‘குளோஸ்டு’ (முழுதாகக் கட்டி முடித்தது) என்று அல்ல. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

என்னைக் கேட்டால், அதற்கு முன் வேறொன்று கேட்டுப் பாருங்கள். பாக்கி முழுவதையும் குறைந்த வட்டியில் இஎம்ஐ ஆக மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். வங்கி ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பல வங்கிகள் ஒத்துக்கொள்கின்றன. அதுதான் நீங்கள் இரண்டு வருஷமாகக் கட்டுவதாக நினைத்திருந்த டியூ: இத்தனை மாதம், இவ்வளவு ரூபாய், அதோடு முடிந்தது.

லோக் அதாலத் நோட்டீஸைக் கண்டு பயப்பட வேண்டாம். அது சமரசம் பேச அழைப்பு, குற்றவழக்கு சம்மன் அல்ல. போகாவிட்டால் கைதும் கிடையாது. ஆனாலும் போங்கள், வங்கி அதிகாரியை நேருக்கு நேர் பார்த்துப் பேரம் பேச அது நல்ல இடம். அங்கே கையெழுத்திட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஆகவே உங்கள் சம்பளத்தில் மாதம் உண்மையிலேயே எவ்வளவு கட்ட முடியும் என்பதை முந்தின நாள் இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் யார் சொன்னாலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள், அடுத்த தேதி கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே ஒரு வக்கீலை அனுப்பிவைப்பார்கள்.