சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னது சரி, சர்வரை மறந்துட்டீங்களே!

கேள்வி: போன மாதம் அமெரிக்காவில் டாலஸில் இருந்து மச்சினர் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லோருமாக ஏழு பேர், ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்குப் போனோம். சாப்பாடு 3,600 ரூபாய், அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 360, அதற்கும் மேல் ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜை எடுங்கள் என்றேன். மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தார். போனில் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். காரில் ஏறும்போதுதான் தெரிந்தது, மாமனார் பின்தங்கி நின்று மேஜையில் 500 ரூபாய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மனைவி மூன்று நாள் பேசவில்லை. 'எங்க ஊர்ல இருபது பர்சன்ட் வைக்காம எழுந்திருக்க முடியாது' என்று மச்சினர் வேறு. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா? சிலிண்டர் போடுகிறவர் 50 கேட்கிறார், தீபாவளிக்கு வாட்ச்மேன் கேட்கிறார், அரசு மருத்துவமனையில் அம்மாவின் ஸ்ட்ரெச்சரைத் தள்ள 200 ரூபாய் கேட்டு வாங்கினார்கள். எல்லாமே டிப்ஸ்தானா? யாருக்கு எவ்வளவு என்று ஒரு கணக்குச் சொல்லிவிடுங்களேன்.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை

பதில்:

சார், முதலில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் போட்டுவிட்டது: ஓட்டல்காரர் தானாக பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது, கட்டமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கவும் கூடாது. ஓட்டல் சங்கங்கள் வழக்குக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 3,600க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி போட்டால் 3,780. சர்வீஸ் சார்ஜையும் கூட்டி அதன் தலையில் ஜிஎஸ்டி போட்டால் 4,158. அதாவது நீங்கள் விருப்பப்பட்டால் தரவேண்டிய காசுக்கும் வரி! அதையும் அந்த வழிகாட்டுதல் தடுக்கிறது. இன்னொரு இடத்தில் எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் 1915க்கு போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மேனேஜரின் மூஞ்சியை நீங்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

சரி, அந்த 360 ரூபாய் போனது. அப்புறம் ஏழு பேருக்கு ஒன்றரை மணி நேரம் நின்று பரிமாறிய ஆளுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? ஒன்றுமில்லை. மாமனார் சங்கடப்பட்டது இதற்குத்தான். சர்வீஸ் சார்ஜை நீங்கள் மறுத்ததில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். முதலாளியிடம் நீங்கள் போட்ட சண்டையில் சர்வரின் காசு போயிற்று, அதுதான் அவரை உறுத்தியிருக்கும். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பையன் என்ன நினைத்திருப்பான்? அந்த 360இல் அவன் கைக்கு எவ்வளவு போகும் என்பது கடைக்குக் கடை மாறும், சில இடங்களில் பைசா போகாது. நீங்கள் எழுந்து போன பிறகு அவனுக்குக் கிடைத்தது காலி மேஜை.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி விடுமுறைகளில் திருச்சியில் என் மாமா நடத்திய மெஸ்ஸில் கல்லாவில் உட்காருவேன். அங்கே ஒரு சர்வர் அண்ணன் இருந்தார். யாராவது 60 ரூபாய்க்குச் சாப்பிட்டு நூறு ரூபாய் நீட்டினால் கல்லாவுக்கு வந்து, 'தம்பி, இருபது ஒண்ணு, பத்து ஒண்ணு, மிச்சம் அஞ்சும் ரெண்டுமா குடு' என்பார். இரண்டு இருபதாகக் கொடுத்தால் சாப்பிட்டவர் இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். சில்லறையாகப் போனால் தட்டில் ஒரு அஞ்சு ரூபாயாவது தங்கும். கேட்கவும் மாட்டார், மேஜை பக்கத்தில் நின்று தலையைச் சொறியவும் மாட்டார். தட்டில் சோம்புக்குப் பக்கத்தில் சில்லறையைப் பரப்பி வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். ராத்திரி கடை சாத்தும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணி, அதில் ஒரு பங்கை இலை எடுக்கும் பாட்டிக்குத் தனியாக வைப்பார். பாட்டிக்கு டிப்ஸ் கொடுத்தவர் ஒருவரையும் நான் அங்கே பார்த்ததில்லை. எச்சில் இலையை எடுப்பவரை நிமிர்ந்து பார்ப்பவர்களே குறைவு.

இப்போது அந்தத் தட்டும் இல்லை, சில்லறையும் இல்லை. யுபிஐ வந்தபிறகு 3,780 என்றால் 3,780.00 என்று பைசா சுத்தமாகக் கட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். நாம் கஞ்சர்களாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். மிச்சச் சில்லறை என்ற ஒன்று இல்லாமல் போனதால், கொடுப்பதை நாமே நினைத்துச் செய்யவேண்டியிருக்கிறது, நினைப்பதற்குள் பார்க்கிங்குக்கு வந்துவிடுகிறோம். மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் கூடுதலாகக் கட்டினால் அது போகும் இடம் முதலாளியின் கணக்கு. பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை. ஆகவே காரிலோ பர்ஸிலோ பத்து இருபது ஐம்பது தாள்கள் கொஞ்சம் எப்போதும் இருக்கட்டும். தாள் இல்லையென்றால் சர்வரிடமே 'உங்க நம்பர் சொல்லுங்க, போட்டுவிடுறேன்' என்று கேளுங்கள். முதலில் தயங்குவார்கள், மேனேஜர் எங்கே என்று பார்ப்பார்கள், அப்புறம் சொல்வார்கள். பெரிய ஓட்டல்களில் கார்டில் டிப்ஸ் சேர்த்துக் கட்டும்போதும் அந்தப் பணம் ஊழியருடையதுதான், ஓட்டல் அதை நம்பிக்கையின் பேரில் கையில் வைத்திருந்து கொடுக்கிறது, அவ்வளவே. ஐடிசி ஓட்டல் நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான், அது முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்று சொன்னது. (அப்புறம் ஒரு விஷயம். எந்தக் கடையிலும் வாங்கமாட்டேன் என்கிற பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வைத்து டிப்ஸாகத் தள்ளிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி செல்லும் என்று எத்தனை முறை சொன்னாலும் அதை மாற்ற அந்தப் பையன்தான் அலையவேண்டும்.)

மச்சினரின் இருபது சதவீதத்துக்கு வருகிறேன். அவர் ஊரில் அது நியாயம். அமெரிக்காவில், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது, 1991இல் இருந்து அந்த எண் நகரவே இல்லை, டெக்சாஸில் அதே 2.13தான். சாதாரண ஊழியருக்கான குறைந்தபட்சம் 7.25 டாலர். நடுவில் இருக்கும் பள்ளத்தைச் சாப்பிட வந்தவர்தான் நிரப்பவேண்டும், டிப்ஸ் போதாவிட்டால்தான் மிச்சத்தை முதலாளி போடுவார். அதனால் அங்கே டிப்ஸ் வைக்காமல் எழுவது கிட்டத்தட்ட கூலியில் கைவைப்பது மாதிரி. நம் ஊரில் டிப்ஸைக் காட்டி குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கும் ஏற்பாடு சட்டத்தில் கிடையாது. அதனால் அந்தச் சதவீதத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரவேண்டாம் என்று மச்சினரிடம் சொல்லுங்கள். அவரோடு நீங்கள் டாலஸ் போனால் மட்டும் 'எங்க ஊர்ல இப்படி இல்லையே' என்று அங்கே ஆரம்பிக்காதீர்கள்!

கணக்கு கேட்டீர்கள். இது என் கணக்கு, சட்டம் கிடையாது. இரண்டு பேர் டிபன் சாப்பிட்டு முந்நூறு ரூபாய் ஆனால் இருபது ரூபாய். குடும்பமாக உட்கார்ந்து ஆயிரம் ரெண்டாயிரம் ஆனால் ஐம்பதில் இருந்து நூறு. உங்களைப் போல ஏழு பேர், குழந்தைக்குக் காரம் இல்லாமல் தனியாக ஒரு தோசை, தாத்தாவுக்கு வெந்நீர், இரண்டு முறை மாற்றிய ஆர்டர் என்று ஆளைப் பெண்டு நிமிர்த்தியிருந்தால் இருநூறு. மாமனார் வைத்த 500 அதிகம், அதில் முந்நூறு உங்களுக்காக அவர் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு காபி குடிக்கும் இடத்திலும், நீங்களே டோக்கன் வாங்கி நீங்களே எடுத்துவரும் இடத்திலும், பார்சல் கவுண்டரிலும் ஒன்றும் வைக்கவேண்டாம். சாப்பாடு மோசமாக இருந்ததற்காக சர்வருக்குக் குறைக்காதீர்கள், சாம்பாரை அவர் வைக்கவில்லை. அவரே அலட்சியமாக நடந்துகொண்டால் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒருவரையும் சேர்க்கிறேன், செயலியில் சாப்பாடு கொண்டுவரும் பையன். ஆர்டர் போடும்போதே டிப்ஸ் கேட்கும் பெட்டியை நான் தாண்டிவிடுவேன். வந்து கொடுத்த பிறகு கையில் இருபது முப்பது, மழை நாளில் ஐம்பது. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் நாலாவது மாடிக்கு ஏறிவரச் சொல்வதற்குப் பதில் நீங்கள் இரண்டு மாடி இறங்கிப் போனால் அதற்கு மதிப்பு இன்னும் கூட.

சிலிண்டர் விஷயம் வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணம் பில் தொகைக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அவர் அந்த 50ஐ உரிமையாகக் கேட்க முடியாது. தரை வீடு என்றால் பில்லைக் காட்டி அந்தத் தொகையைக் கட்டுங்கள், பயப்படவேண்டாம். ஆனால் அந்தச் சிலிண்டரை நிரப்பின நிலையில் ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பின் கனம் தனி, இரண்டும் சேர்ந்து முப்பது கிலோவை ஒட்டி வரும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினவருக்கு நான் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன், ஒரு சொம்புத் தண்ணீரும்.

மருத்துவமனையில் கொடுத்தீர்களே 200, அதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது லஞ்சம். மாமூல் என்ற சொல்லுக்கே முதலில் வழக்கமானது என்றுதான் அர்த்தம், வழக்கம் வழக்கம் என்று சொல்லியே அது இன்றைக்கு வந்து நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு சின்ன உரைகல் உண்டு: கொடுக்காவிட்டால் வேலை நடக்குமா? நடக்கும், வேலை முடிந்தபிறகு நான் விரும்பிக் கொடுக்கிறேன் என்றால் அது டிப்ஸ். ஸ்ட்ரெச்சரில் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, காசு வந்தால்தான் சக்கரம் உருளும் என்றால் அது வேறு சரக்கு. கேட்டவர் ஒப்பந்தத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இருக்கலாம், எனக்கும் அது தெரியும், அதற்காக நோயாளியின் மகனிடம் வசூல் செய்வது நியாயமாகிவிடாது. அந்த நேரத்தில் நீங்கள் கொடுத்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம், அம்மா படுத்திருக்கும்போது எவன் கொள்கை பேசுவான்? ஆனால் அம்மா வீடு வந்து சேர்ந்தபிறகு, தேதி, வார்டு, நேரம் போட்டு நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

வாட்ச்மேன் தீபாவளி இனாமை மட்டும் எப்போதும் கொடுங்கள், நேரத்தோடு கொடுங்கள். எங்கள் அப்பார்ட்மென்டில் ரொம்ப வருடம் தீபாவளி அன்று காலையில்தான் ஸ்வீட் பெட்டியும் கவரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை வாட்ச்மேன் தாத்தா கவரை வாங்கிக்கொண்டு, 'அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடி குடுத்தீங்கன்னா பேத்திக்குத் துணி எடுத்துருவேன் சார்' என்று மெதுவாகச் சொன்னார். தீபாவளி அன்று காலை ஐநூறு ரூபாயை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் போய் துணி எடுப்பது? இத்தனை வருடம் யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது பத்து நாளுக்கு முன்பே வசூலித்து, வாட்ச்மேனுக்கும் குப்பை எடுக்க வரும் அக்காவுக்கும் சமமாகக் கொடுத்துவிடுகிறோம். கூடவே பழைய சட்டைகளை மூட்டை கட்டிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம்.

கடைசியாக, வீட்டுச் சண்டை. மாமனாரிடம் அந்த 500ஐத் திருப்பிக் கொடுக்க முயற்சி செய்யாதீர்கள், இன்னொரு மூன்று நாள் பேச்சு நின்றுவிடும். மச்சினர் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை என்றால் அதே ரெஸ்டாரண்டுக்கு எல்லோரையும் இன்னொரு முறை கூட்டிப் போங்கள். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள், இந்த முறை கொஞ்சம் மெதுவான குரலில், முடிந்தால் கவுண்டருக்கு எழுந்து போய். அந்தப் பையன் இருந்தால் இருநூறு ரூபாயை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பேர் என்ன என்று கேளுங்கள். மனைவி பார்க்கும்படி செய்யவேண்டாம், அவர் எப்படியும் பார்த்துவிடுவார்.