துளசியில் பழ ஈக்கு என்ன வேலை?

கேள்வி: கொழும்பில் எங்கள் வீட்டு மாடித் துளசியில் பழ ஈக்கள் வந்து இருக்கின்றன. அதில் பழமே இல்லையே! பூச்சிகள் வாசனையை வைத்து எப்படிச் செடியைத் தேடி வருகின்றன?

நீங்கள் பார்ப்பவை அநேகமாக ஆண் ஈக்கள்தான். மாம்பழத்தையும் கொய்யாவையும் புழுவாக்கும் அதே இனம். துளசியின் வாசனையில் மெத்தில் யூஜினால் என்ற பொருள் உண்டு. அதை நக்கத்தான் வருகின்றன. நக்கியதை உடம்புக்குள் மாற்றிச் சுரப்பியில் சேர்த்து வைத்து, பொழுது சாயும் நேரத்தில் பெண் ஈயை அழைக்கும் வாசனையாக வெளியே விடுகின்றன. பெண் ஈ முட்டையிடப் போவதோ பழத்துக்கு. ஆக, ஒரே ஈக்குத் துளசி ஒரு தேவைக்கு, மா இன்னொரு தேவைக்கு. எனக்கு இது இன்னமும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

நுளம்பை விரட்டப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் தேடி வருவதை 1912இல் இந்தியாவின் பூசாவில் ஹவ்லெட் என்ற ஆய்வாளர் எழுதி வைத்தார். அதற்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்று 1915இல் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

நமக்கு மணமாக இருக்கும் ஒரு பூ பூச்சிக்கு அப்படியே ஒரு மணமாகப் படுவதில்லை. அதன் உணர்கொம்பில் உள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் சில மூலக்கூறுகளுக்கு மட்டுமே விழிக்கும். பல செடிகளுக்கும் பொதுவான மூலக்கூறுகள்கூட எந்த விகிதத்தில் கலந்து வருகின்றன என்பதை வைத்தே "இது என் செடி" என்று பூச்சி தெரிந்துகொள்கிறது. அமெரிக்காவில் பூசணிப் பூவுக்கு வரும் வண்டுகளைப் பாருங்கள். ஒரே பூதான். ஆனால் கோடு போட்ட வெள்ளரி வண்டை இழுப்பது அதன் மணத்தில் உள்ள இண்டோல் என்ற பொருள். அதற்கு உறவான இன்னொரு வண்டை இழுப்பது கறுவாவில் இருக்கும் சின்னமால்டிஹைட்.

பூவுக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. மகரந்தம் சுமப்பவரை அழைக்கும் வாசனை, இலை தின்பவருக்கும் போய்ச் சேரும். வட அமெரிக்காவில் ஊமத்தைப் பூவில் இரவில் தேன் குடிக்கும் ஒரு பருந்து அந்துப்பூச்சி அதே செடியில் முட்டையும் இடும். புழு இலையைத் தின்னும். மகரந்தம் சேர்த்துக் கொடுப்பதும் இலையைப் பறிகொடுக்க வைப்பதும் ஒரே ஆள்!

எல்லாவற்றுக்கும் பூதான் காரணம் என்றும் இல்லை. தேசியிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி, இலையை முன்காலால் தட்டி ருசி பார்த்துத்தான் உறுதி செய்கிறது.

சரி, துளசியை அகற்றத் தேவையில்லை, அதற்கு ஒரு சேதமும் வராது. மா மரம் இருந்தால் மெத்தில் யூஜினால் பொறி தொங்கவிடுங்கள். அதில் ஆண் ஈ மட்டுமே விழும். அதனால் பழங்களுக்கு உறையும் போடுங்கள். பாகல் பந்தலுக்கு அந்தப் பொறி உதவாது. அங்கே வருவது வேறு ஈ, அதற்குக் கியூ லூர் என்ற வேறு வாசனை வேண்டும்.