பார்லர்ல வேலை பார்த்த அனுபவமே இல்ல, அப்ளை பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம், ஆனா எடுத்தவுடனே ஹேர்கட், ஃபேஷியல்னு கஸ்டமர் மேல கை வைக்க விடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. அசிஸ்டன்ட், ரிசப்ஷன்னு போட்டிருக்கற வேலைக்குப் போங்க, தலை அலசி விடறது, டவல் மடிக்கறது, சீப்பு கத்தரியெல்லாம் கழுவி கிருமிநாசினில போடறது, அப்பாயின்ட்மென்ட் எழுதறது, ஆரம்பம் இதுதான்.

ரெஸ்யூமேல பொய் மட்டும் வேணாம், டிரையல்னு கூப்பிட்டு ஒரு ப்ளோ ட்ரை (டிரையரால முடியைக் காய வெச்சு செட் பண்றது) பண்ணச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். துணிக்கடைலயோ ஹோட்டல்லயோ வேலை பார்த்திருந்தா அதை எழுதுங்க, கோவமா வர்ற ஆளை சமாளிச்சது, கேஷ் பார்த்தது எல்லாம் இங்கயும் வேணும். அப்புறம் தங்கச்சிக்கோ ஃப்ரெண்டுக்கோ நீங்க பண்ணின மேக்கப், த்ரெட்டிங்கை முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து வைங்க (அவங்ககிட்ட கேட்டுட்டு, ஃபில்டர் போடாம!), என்னைக் கேட்டா சர்டிஃபிகேட்டை விட அதுதான் பேசும்.

இன்டர்வியூல சுத்தம் பத்தி நோண்டுவாங்க. ஹேர் டை போடறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியே பேட்ச் டெஸ்ட், அதாவது டையைக் கொஞ்சமா தோல்ல தடவிப் பார்க்கறது எதுக்கு (அலர்ஜி வந்தா லேட்டாதான் தெரியும்), ஒருத்தர் மேல பட்ட வேக்ஸ் குச்சியை திரும்ப டப்பாக்குள்ள ஏன் விடக்கூடாதுன்னு சொல்லத் தெரிஞ்சா பாதி வேலை கிடைச்ச மாதிரி.

நேர்ல போய்க் கேக்கறதா இருந்தா கூட்டம் இல்லாத நேரமா பார்த்துப் போங்க. டிரையல் நாளுக்கு சம்பளம் உண்டா, ட்ரெய்னிங் எத்தனை மாசம்னும் கேட்டுக்கோங்க. சில நாடுகள்ல லைசென்ஸ் இல்லாம முடி வெட்டவே கூடாது, அதனால உங்க இடத்து ரூல் என்னன்னு முதல்லயே பார்த்துடுங்க.