புல் தின்றதைப் பார்த்தீர்கள், மீதியை?

கேள்வி: தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில் வாழும் ஜாவாக்காரர்கள் மூங்கில் குதிரையோடு ஆடி, அருள் வந்து புல்லைத் தின்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். இந்தக் காலத்திலும் இதைக் கட்டிக் காப்பது வெட்கமாக இல்லையா?

பதில்: எனக்கு இல்லை. நீங்கள் பார்த்தது ஜாரான் கேபாங். மூங்கிலைச் சீவிப் பின்னிய தட்டையான குதிரையை இடுக்கிக்கொண்டு, காமெலான் என்ற ஜாவா வாத்தியக் குழுவின் தாளத்துக்கு ஆடுவார்கள். அருள் ஏறியவர் குதிரையாகிப் புல் மேய்வார். புலி, குரங்கு, பாம்பும் வரும். ஆனால் இது கட்டுக்கடங்காத வெறி அல்ல. ஆரம்பத்தில் படையல் வைத்துத் தூபம் போட்டு அழைப்பவர் ஒரு மூத்தவர். ஆடுகிறவர் மேல் கடைசிவரை கண் வைத்திருப்பவரும், ஒவ்வொருவரையும் தெளியவைத்து அனுப்புபவரும் அவரே. இரண்டு நிமிட வீடியோக்களில் இந்தப் பொறுப்பைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

அப்புறம், ஆடுகிறவர்கள் யார்? டச்சு ஆட்சியிலிருந்த சுரினாமில் 1863இல் அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். முதலில் இந்தியாவிலிருந்து கூலிகளை இறக்கிய டச்சுக்காரர்கள், 1890இல் தங்கள் ஆட்சியிலேயே இருந்த ஜாவாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். முதல் 94 பேர் போனது மரியன்பர்க் கரும்புத் தோட்டத்துக்கு. 1939 வரை சுமார் 33,000 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம்; வேலைக்கு வர மறுத்தால் சிறை. பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை. வெண்கலக் காமெலான் கிடைக்காத இடத்தில் இரும்பில் வாத்தியம் செய்துகொண்டு, கல்யாணத்துக்கும் சுன்னத்துக்கும் இந்த ஆட்டத்தை ஆடினார்கள். தோட்ட முதலாளியின் கணக்கில் வெறும் கூலியாக இருந்தவர்கள் இங்கேதான் ஒரு ஊராகக் கூடினார்கள். அதைப் பார்த்து வெட்கப்படச் சொல்கிறீர்களா?

உங்கள் கேள்வியை அவர்களே தங்களுக்குள் கேட்டாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; தொழுகையில் நோக்க வேண்டிய மெக்கா ஜாவாவிலிருந்து மேற்கே, சுரினாமிலிருந்து கிழக்கே. பழைய வழக்கப்படி மேற்கு நோக்கியே தொழுதவர்கள் படையலையும் ஆட்டத்தையும் விடவில்லை. 1930களிலிருந்து கிழக்கு நோக்கித் திரும்பிய சீர்திருத்தக்காரர்கள், இவை மார்க்கத்துக்கு விரோதம் என்றார்கள். நம்பிக்கையை ஊன்றி யோசித்தவர்களின் வாதம் அது. வீடியோ பார்த்து முகம் சுளிப்பதை அதோடு சேர்க்க முடியாது.

என் கவலை வேறு. இளையவர்கள் டச்சு மொழிக்கும், சுரினாமின் பொதுப் பேச்சுமொழியான ஸ்ரானானுக்கும் மாறிவருகிறார்கள். தாளத்தையும் அடவையும் பார்த்துப் பழகிவிடலாம். அருள் வந்தவரை மீட்கும் வித்தையை ஒரு மூத்தவரிடம் ஜாவா மொழியில் கூடவே இருந்துதான் கற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத குழு, அருளை அழைக்காமல் ஆட்டத்தை மட்டும் ஆடுவதே நல்லது.