தேனீ கொட்டிய விரலில் சுண்ணாம்பு: அடுத்து எலுமிச்சை பிழியலாமா?

தேனீ கொட்டிய விரலில் சுண்ணாம்பு தடவினேன், எரிச்சல் கூடிவிட்டது, எலுமிச்சை பிழியலாமா என்று கேட்கிறீர்கள். பிழியாதீர்கள். முதலில் அந்தச் சுண்ணாம்பைக் கழுவுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம்.

சுண்ணாம்பு தடவியபின் எரிச்சல் கூடியது என்கிறீர்களே, அது பெரும்பாலும் சுண்ணாம்பு சுட்டதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பு கடும் காரம், அதன் பிஎச் (அமில, கார அளவு) 12-ஐ ஒட்டி இருக்கும். அதன்மேல் அமிலம் ஊற்றினால் புண்ணுக்கு இன்னொரு எரிச்சல், அவ்வளவுதான்.

"தேனீ விஷம் அமிலம், குளவி விஷம் காரம்" என்று நானும் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் தேனீ கொட்டினால் வலிப்பதற்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்னும் பெப்டைடு (குட்டிப் புரதம்). உலர்ந்த விஷத்தில் ஏறக்குறையப் பாதி அதுவே. செல் சவ்வையே ஓட்டை போடும் அதை, அமிலத்தைச் சமன் செய்து அடக்க முடியாது. அதோடு விஷம் ஏறியது தோலுக்கு அடியில். பூச்சு நிற்பது மேலே. (தேனீ விஷத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவது மாமரத்து முசுறு எறும்பு. அந்தப் பழியைத் தேனீமேல் போட்டுவிட்டோம்.)

கழுவியதும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: கருப்புப் புள்ளியாகக் கொடுக்கு இன்னும் நிற்கிறதா? இருந்தால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். பிறகு துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம்.

கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், முகம் நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம், இதில் எது வந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே 108.